பழவேற்காட்டில் ஒரு ஹைக்கு: அரசு மடிக்கணினியில் ஆடிப் பார்த்த விளையாட்டுகள்

மீஞ்சூர் கடைத்தெருவில் லேப்டாப் பழுது பார்க்கும் கடைகளில் ஏறி இறங்கினால், மேசைக்கு அடியிலோ அலமாரியின் மேல்தட்டிலோ அவற்றைப் பார்க்கலாம். மூடியில் தமிழ்நாடு அரசு முத்திரை. செத்துப்போன பேட்டரி. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கியது, அதுவும் இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில். முதல் சுற்றில் வந்த இயந்திரங்கள் 2 ஜி.பி. நினைவகமும் 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கும் கொண்டவை. விண்டோஸ் 7-உம், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் சேர்ந்தே இருந்தன. விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் குறைந்தது 4 ஜி.பி. நினைவகம் கேட்கிறது, டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது.

“போர்டு நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இதுல இப்ப இன்னா போட்டுக் குடுக்கறது?” என்றார் ஒரு கடைக்காரர். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பழவேற்காட்டுக்குப் போனேன். அவரிடம் பழுதுக்கு வந்து திரும்பிப் போன ஒரு மடிக்கணினியின் சொந்தக்காரர் அங்கே ஒரு குப்பத்தில் இருக்கிறார். முதல் வருடத் திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும்போது அதை வாங்கியவர். இப்போது அப்பாவோடு ஃபைபர் படகில் ஏரிக்கும் கடலுக்கும் போகிறார்.

என் பையில் இரண்டு பென் டிரைவ்கள். ஒன்றில் ஹைக்கு, இன்னொன்றில் கோலிப்ரி. உலகத்தில் மிகச் சிலரே பயன்படுத்தும், பெரும்பாலும் ஆர்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதும் இயங்குதளங்கள் இவை. இவற்றை எடை போட அலுவலகக் கோப்புகளைத் திறந்து பார்ப்பதைவிட விளையாடிப் பார்ப்பதே நல்ல வழி என்று நினைக்கிறேன். ஒரு விளையாட்டு ஓடவேண்டுமானால் திரை, ஒலி, விசைப்பலகை, நேரக்கணக்கு எல்லாம் ஒரே சமயத்தில் ஒழுங்காக இருக்கவேண்டும். எங்கே இடிக்கிறது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் பொன்னேரி. அங்கிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பேருந்து. பழவேற்காட்டுக்குள் இறங்கியதும் ஏரியின் உவர்வாசம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய ஊர். காலை ஏலம் முடிந்து, வலைகளைப் பிரித்துப்போட்டு ஓட்டை பார்க்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுத் திண்ணையிலேயே மடிக்கணினியை எடுத்துவந்து வைத்தார். அடிப்பக்கத்துத் திருகாணிகள் எல்லாம் துருப்பிடித்திருந்தன. உப்புக்காற்று அங்கே எந்த இரும்பையும் விடுவதில்லை. விசைப்பலகையில் கீழ்நோக்கும் அம்புக்குறி அழுத்தினால் உள்ளேயே நின்றுவிடுகிறது. சார்ஜரைச் செருகியதும் விளக்கு எரிந்தது. “நாலஞ்சு வருசமா தொறக்கவே இல்ல சார். விண்டோஸ் வந்து நிக்கவே கால் மணி நேரம் ஆவும், அப்புறம் மவுசு நகராது” என்றார். அவருடைய அம்மா உள்ளேயிருந்து, “அத இன்னுமா தம்பி நோண்டறீங்க, எடைக்குப் போட்டுறலாம்னு பாத்தேன்” என்றார்.

ஹைக்குவை வீட்டிலேயே ஒரு 32 ஜி.பி. பென் டிரைவில் முழுதாக நிறுவி, விளையாட்டுகளையும் இறக்கி வைத்திருந்தேன். முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். ஹார்ட் டிஸ்க்கில் கைவைக்கத் தேவையில்லை. அதில் இருக்கும் பழைய படங்கள், கல்லூரிக் கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கும். தொடங்கும்போது பூட் மெனுவில் யு.எஸ்.பி.யைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கறுப்புத் திரையில் சின்னங்கள் ஒரு வரிசையாக நின்று ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. கடைசிச் சின்னம் ஒளிர்ந்ததும் மேசைத்திரை வந்துவிட்டது. கால் மணி நேரம் என்று சொன்னவர் திரும்பி என்னைப் பார்த்தார். மவுஸை நகர்த்தினார். நகர்ந்தது. ஒரு பட்டியைத் திறந்தார், மூடினார், இன்னொன்றைத் திறந்தார். எதுவும் காக்கவைக்கவில்லை.

இந்த வேகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆப்பிளில் உயர் பதவியில் இருந்த ழான்-லூயி காஸே 1990-இல் வெளியேறி ‘பீ’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஒலியும் ஒளியும் கையாளும் கணினிக்காகவே அடியிலிருந்து எழுதப்பட்டது அவர்களுடைய பீ-ஓஎஸ். 1996-இல் ஆப்பிள் அதை வாங்குவதாகப் பேச்சு நடந்தது. கடைசியில் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. பீ மெல்ல நொடித்து, 2001-இல் அதன் சொத்துகள் பாம் நிறுவனத்துக்குப் போயின. நிறுவனம் போனாலும் அந்த இயங்குதளத்தை விரும்பியவர்கள் விடவில்லை. அதே 2001-இல் ‘ஓப்பன் பீ-ஓஎஸ்’ என்று தொடங்கி, பெரும்பாலும் மூல நிரல் கையில் இல்லாமலேயே அதைத் திரும்ப எழுத ஆரம்பித்தார்கள். 2004-இல் அதற்கு ஹைக்கு என்று பெயரிட்டார்கள். முதல் பீட்டா வெளிவந்தது 2018-இல். 2024 செப்டம்பரில் ஐந்தாவது பீட்டா வந்தது. நான் கொண்டுபோனது அதுதான். ஒரு லாப நோக்கற்ற அமைப்பு நன்கொடைப் பணத்தில் ஒரே ஒரு நிரலாளரை 2021 முதல் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது. மற்றவர்கள் எல்லாரும் வேலை முடிந்த இரவுகளில் எழுதுகிறவர்கள்.

பீ-ஓஎஸ் காலத்திலிருந்து வரும் அடிப்படை வடிவமைப்பு, ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனிச் செயலிழை என்பது. ஒரு நிரல் திணறினாலும் மற்ற சாளரங்கள் உறைவதில்லை. இதை அந்தத் திண்ணையிலேயே பிறகு கண்ணால் பார்த்தோம்.

முதலில் ஹைக்குவோடு கூடவே வரும் இரண்டு சின்ன விளையாட்டுகள்: பேர்ஸ், சுடோக்கு. எதையும் இறக்கவேண்டாம், டெமோஸ் பட்டியலிலேயே இருக்கின்றன. பேர்ஸ் என்பது கவிழ்த்து வைத்த கட்டங்களில் இரண்டிரண்டாகத் திறந்து ஒரே மாதிரிச் சின்னங்களைச் சேர்க்கும் ஞாபக விளையாட்டு. அதற்குள் தெருப்பிள்ளைகள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். திறந்தால் வருவது அந்த இயங்குதளத்தின் சொந்தச் சின்னங்கள்தான்: அஞ்சல் பெட்டி, கணிப்பான், கடிகாரம். ஆடி முடிப்பதற்குள் எது எந்த நிரல் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துபோனது. கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லாமலே கற்றுக்கொடுக்கும் விளையாட்டு. எழுதியவர்கள் இதை யோசித்தே செய்தார்களோ என்னவோ, எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மவுஸ் ஒன்றுதான் இருந்தது. யார் முதலில் என்று சண்டை வந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், “பாடு போட்டுக்கங்கடா” என்றார். பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைக் குப்பத்துக்காரர்கள் சீட்டுப்போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வது வழக்கம். இன்று ஒருவருக்கு வாய்த்த நல்ல இடம் நாளை இன்னொருவருக்கு. அதற்குப் பாடு என்று பெயர். பிள்ளைகள் கேள்வியே கேட்காமல் காகிதத்தைக் கிழித்துச் சீட்டுப் போட்டார்கள். அதன்பிறகு கடைசிவரை மவுஸுக்குச் சண்டை வரவில்லை.

சுடோக்குவைப் பெரிய பெண் ஒருத்தி எடுத்துக்கொண்டாள், பத்தாவது படிப்பவள். எளிது, கடினம் என்று நிலைகளை மாற்றலாம். கட்டத்துக்குள் எண்ணை எழுதுமுன் எந்தெந்த எண்கள் வரலாம் என்று குறித்து வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. மொழி தெரியாவிட்டாலும் ஆடலாம் என்பது இதில் பெரிய விஷயம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்து சூப்பர்டக்ஸ். மாரியோ மாதிரி ஓடித் தாவும் விளையாட்டு, நாயகன் பென்குவின். லினக்ஸுக்காக எழுதப்பட்ட திறந்த மூல விளையாட்டு ஹைக்குவில் எப்படி ஓடுகிறது? நடுவில் எஸ்.டி.எல். என்று ஒரு நிரலகம் இருக்கிறது. 1998-இல் சாம் லான்டிங்கா தொடங்கியது. திரையில் வரைவது, ஒலி எழுப்புவது, விசையைப் படிப்பது ஆகியவற்றை விளையாட்டு எஸ்.டி.எல்.லிடம் கேட்கும், எஸ்.டி.எல். அந்தந்த இயங்குதளத்திடம் அதன் மொழியில் கேட்கும். ஹைக்குவுக்கான எஸ்.டி.எல். பகுதியை யாரோ சிலர் உட்கார்ந்து எழுதியதால், அதை நம்பி எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான விளையாட்டுகளுக்கு வழி திறந்துவிட்டது. ஹைக்குபோர்ட்ஸ் என்ற குழு ஒவ்வொன்றாக எடுத்து, திருத்தி, தொகுத்துத் தருகிறது. வெஸ்னாத், ஃப்ரீசிவ், ஓப்பன் டி.டி.டி. எல்லாம் அப்படி வந்து சேர்ந்தவை.

சூப்பர்டக்ஸ் முழுத்திரையில் கொஞ்சம் இழுத்தது. திரை அளவை 800-க்கு 600 ஆகக் குறைத்ததும் சீராக ஓடியது. ஒலி தெளிவாக வந்தது. அந்தச் சின்ன ஒலிபெருக்கியிலிருந்து பாட்டு கேட்டதும் எதிர்வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சிக்கல் எல்லாம் உள்ளேயே நின்றுவிடும் அந்தக் கீழ் அம்புக்குறியால்தான். ஹைக்குவின் கீமேப் நிரலில் ஒரு விசையின் வேலையை இன்னொன்றுக்கு மாற்றலாம். பழுதான அம்புக்குறியின் வேலையை இன்னொரு விசைக்குக் கொடுத்ததும் பென்குவின் குனிந்தது, பனிச்சரிவில் சறுக்கியது. உடைந்த விசையுள்ள கணினி வைத்திருக்கும் எவருக்கும் இது உதவும்.

பிறகு பிள்ளைகள் கேட்டார்கள்: “மாமா, கார் ரேஸ் இருக்கா?” இருக்கிறது. சூப்பர்டக்ஸ்கார்ட். முப்பரிமாணப் பந்தயம். இதில்தான் ஹைக்குவின் பலவீனமும் பலமும் சேர்ந்தே வெளிப்பட்டன.

விளையாட்டு திறந்தது, பட்டியல் வந்தது, வண்டியைத் தேர்ந்தெடுத்தோம். பந்தயம் தொடங்கியதும் படம் விட்டுவிட்டு நகர்ந்தது. வளைவில் திருப்பினால் சுவரில் இடித்த பிறகுதான் வண்டி திரும்புகிறது. எல்லா அமைப்புகளையும் குறைத்துப் பார்த்தேன். பெரிய மாற்றமில்லை. காரணம் இதுதான்: முப்பரிமாணக் காட்சியை வரையக் கணினிகளில் வரைகலைக்கென்றே தனிப் பகுதி இருக்கும். அதை வேலை வாங்குவதற்கான இயக்கிகளை எழுதுவது மிகக் கடினமான பணி. ஹைக்குவின் இந்த பீட்டாவில் அந்த வன்பொருள் முடுக்கம் இல்லை. மெசா என்ற நிரலகத்தைக் கொண்டு, பொதுவான செயலியே ஒவ்வொரு புள்ளியையும் கணக்குப் போட்டு வரைகிறது. 2011-இன் இரட்டைக்கருச் செயலிக்கு அது தாங்கமுடியாத சுமை.

டெமோஸ் பட்டியலில் ஜி.எல்.டீபாட் என்று ஒன்று உண்டு. சுழலும் தேநீர்க் கெண்டி. நொடிக்கு எத்தனை படம் என்று மூலையில் காட்டும். ஒரு கெண்டியை வைத்து எண்ணைப் பார்த்தோம். இன்னொரு கெண்டியைச் சேர்த்தோம், எண் சரிந்தது. மூன்றாவதைச் சேர்த்தோம், இன்னும் சரிந்தது. செயலி எதற்கு மூச்சுவாங்குகிறது என்பது அந்த வீட்டு இளைஞருக்கு அதிலேயே விளங்கிவிட்டது. “அப்ப போன்ல அந்த வேலைக்குத் தனியா ஆள் இருக்கு, இங்க ஒருத்தனே எல்லாத்தையும் பாக்கறான்” என்றார். இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்கமுடியாது.

பலம் என்னவென்றால், பந்தயம் திணறிக்கொண்டிருந்தபோதே சாளர முறைக்கு மாற்றி, பக்கத்தில் சுடோக்குவைத் திறந்தேன். அது உடனே திறந்தது. எண்களை அழுத்தினால் உடனே விழுந்தன. பின்னால் செயலி முழுவதையும் ஒரு விளையாட்டு விழுங்கிக்கொண்டிருந்தும் மவுஸ் குறி தடங்கலில்லாமல் நகர்ந்தது. “விண்டோஸ்ல இந்நேரம் எல்லாம் நின்னிருக்கும்” என்று அவரே சொன்னார். செயலிழை பற்றி மேலே எழுதியதன் பொருள் இதுதான்.

அவர் கையிலிருந்த போனை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, டெதரிங் முறையில் இணையம் கொடுத்தோம். முந்தைய பீட்டாவிலேயே இதற்கான வசதி வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் இல்லாத குப்பத்தில் இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. ஹைக்குடிப்போ என்ற மென்பொருள் அங்காடியில் அவரையே தேடச் சொன்னேன். எல்பிரேக்அவுட் என்ற செங்கல் உடைக்கும் விளையாட்டைத் தேர்ந்தெடுத்தார். இறங்கி முடிந்த நொடியிலேயே ஆடத் தயாராக இருந்தது. ஹைக்குவில் தொகுப்புகளைப் பிரித்து ஆயிரம் கோப்புகளாக இறைப்பதில்லை. தொகுப்புக் கோப்பை அப்படியே இணைத்துக்கொள்கிறது, வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறது. மிச்சம் மீதி என்று பெரும்பாலும் எதுவும் தங்காது. ஏதாவது கெட்டுப்போனாலும், தொடங்கும்போதே பழைய நிலையைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம். நான் பயன்படுத்திய இயங்குதளங்களில் இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டைப் பார்த்ததில்லை.

டாஸ்பாக்ஸையும் திறந்தோம். பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் நிரல் அது. என்னிடம் இருந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவைப் போட்டதும் அவர் முகம் மாறியது. “இத மீஞ்சூர்ல பிரவுசிங் சென்டர்ல ஆடியிருக்கேன். மணிக்கு இருவது ரூபா!” ஜோர்டன் மெக்னர் 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்காகத் தனியாளாக உழைத்து உருவாக்கிய விளையாட்டு. தம்பியை ஓடவிட்டுப் படமெடுத்து, அந்த அசைவுகளைச் சட்டகம் சட்டகமாக வரைந்து இளவரசனுக்குக் கொடுத்தார். தாவி விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது இன்றைக்கும் அந்த உடம்பில் எடை தெரிகிறது. கத்திகள் மேலும் கீழும் வரும் இடத்தில் மூன்றாவது முறை செத்த பிறகு, “கையெல்லாம் மறந்துபோச்சு” என்று மவுஸையும் விசைப்பலகையையும் பிள்ளைகளிடம் கொடுத்தார். போனில் ஃப்ரீ ஃபயர் ஆடும் அந்தப் பிள்ளைகள் இதை மந்தம் என்று தள்ளிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். தள்ளவில்லை. ஒவ்வொரு தாவலுக்கும் தெருவே சேர்ந்து கத்தியது. பழைய விளையாட்டு என்பதால் சுவை குறைவதில்லை. ஆடுவதற்கு இயந்திரமும் அருகில் ஆளும் இருந்தால் போதும்.

வெஸ்னாத்தையும் ஃப்ரீசிவையும் திறந்து மட்டும் பார்த்தோம். நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் அவை மணிக்கணக்கில் உட்கார்ந்து யோசித்து ஆடவேண்டியவை, படிக்கவேண்டிய ஆங்கிலமும் அதிகம். திண்ணைக் கூட்டத்துக்கு ஒத்துவரவில்லை.

இரண்டாவது பென் டிரைவ். கோலிப்ரி. ஃபின்லாந்துக்காரர் வில்லே துர்யன்மா 2000-இல் வெளியிட்ட மெனுவெட் என்ற இயங்குதளத்திலிருந்து 2004-இல் பிரிந்தது. பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசும் ஆர்வலர்கள் வளர்த்தது. முழுக்க அசெம்பிளி மொழியில் எழுதப்பட்ட கரு. சாளரங்கள், கோப்பு மேலாளர், உரைத்தொகுப்பி, விளையாட்டுகள் உட்பட எல்லாமும் 1.44 எம்.பி. ஃப்ளாப்பி ஒன்றுக்குள் அடங்கும். அந்த இளைஞருடைய போனில் படகை எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவைப் பார்த்தோம். இயங்குதளத்தைவிடப் புகைப்படம் பெரியது.

நீலத்திரை ஒன்று வந்து போனது. மூச்சுவிடும் நேரத்துக்குள் மேசைத்திரை. விளையாட்டுகளுக்கென்றே ஒரு தனி அடைவு: பாம்பு, டெட்ரிஸ், கண்ணிவெடி, பதினைந்து எண் புதிர், பாங். ஒவ்வொன்றும் சில ஆயிரம் பைட்டுகள். அழுத்துவதற்கும் திறப்பதற்கும் நடுவே இடைவெளியே இல்லை. கோலிப்ரி முழுவதும் நினைவகத்துக்கு ஏறிவிடுவதால், பாம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவைப் பிடுங்கச் சொன்னேன். ஒரு பையன் தயங்கித் தயங்கிப் பிடுங்கினான். பாம்பு நிற்கவில்லை. அன்று அந்தத் திண்ணையில் எல்லாரையும் வாய்பிளக்க வைத்தது முப்பரிமாணப் பந்தயமில்லை, இதுதான். “அப்ப இது எங்க இருக்கு மாமா?” என்று கேட்டான். நினைவகம் என்றால் என்ன, அது ஏன் மின்சாரம் போனால் மறந்துவிடும் என்று சார்ஜர் கம்பியைக் காட்டிச் சொன்னேன். பேட்டரி செத்த இயந்திரம் அந்தப் பாடத்துக்கு மிகவும் பொருத்தம். கம்பியை உருவினான், எல்லாம் போனது, திரும்பச் செருகித் தானே தொடங்கிவைத்தான்.

கோலிப்ரியை அன்றாடக் கணினியாக யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். இன்றைய இணையப் பக்கங்களை அது தாங்காது. ஆனால் கணினிப் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் கையில் இருந்தால், அதற்கு ஈடான பாடப்பொருள் எனக்குத் தெரிந்து இல்லை.

ஹைக்கு வேறு. அதைப் பரிந்துரைக்கிறேன், ஒரே ஒரு பெரிய குறையோடு. அந்தக் குறைதான் இதை எழுதத் தூண்டியது.

மாலையில் அந்த வீட்டு இளைஞர், “இதுல தமிழ் வருமா சார்? கூட்டுறவுச் சங்கத்துக்கு மனு எழுதறது, ஏலக் கணக்கு வெக்கறது எல்லாம் தமிழ்லதான்” என்றார். போனில் தட்டிய ஒரு வரியைக் கோப்பாக்கி, தமிழ் எழுத்துருவையும் போட்டு, ஹைக்குவின் உரைத்தொகுப்பியில் திறந்தேன். எழுத்துகள் வந்தன. ஆனால் ‘பழவேற்காடு’ என்ற சொல்லில் வகரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் றகரத்தின் மேல் ஏறிக்கொண்டது. கடைசி ‘டு’ ஒன்றாகச் சேராமல் டகரம் தனியாக, உகரக் குறி தனியாக நின்றது. ‘மீஞ்சூர்’ என்பதில் ‘சூ’வுக்கும் அதே கதி. தன் ஊர்ப் பெயரையே அவரால் படிக்கமுடியவில்லை.

இதற்குக் காரணம் யாருடைய அலட்சியமும் இல்லை. யூனிகோடில் தமிழ் எழுத்துகள் ஒலிப்பு வரிசையில் சேமிக்கப்படுகின்றன. மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவதும், ‘டு’, ‘சூ’ போன்றவற்றுக்கு எழுத்துருவிலிருந்து சேர்ந்த வடிவத்தை எடுப்பதும் வடிவமைப்பு நிரலின் வேலை. ஹைக்குவின் திரைவரை சேவையகம் இன்னும் ஒரு குறியீட்டுக்கு ஓர் உருவம் என்ற கணக்கிலேயே வரைகிறது. ஆங்கிலத்துக்கும் ரஷ்ய மொழிக்கும் அது போதும். தமிழுக்கும், தேவநாகரிக்கும், பர்மியத்துக்கும் போதாது. அதனால்தான் சுடோக்குவும் பேர்ஸும் அந்தத் திண்ணையில் வெற்றி பெற்றன. அவற்றில் படிக்க எதுவும் இல்லை.

தீர்வும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரலகம் ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் ஆண்ட்ராய்டிலும் லிப்ரே ஆஃபீஸிலும் இதே வேலையைத் தினமும் செய்கிறது. நம் ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் சரியாகத் தெரிவது அதனால்தான். அதை ஹைக்குவின் திரைவரை சேவையகத்தோடு இணைக்கவேண்டும். சொல் அகலம் கணக்கிடுவது, சுட்டி எங்கே நிற்கவேண்டும் என்று தீர்மானிப்பது, அழிக்கும்போது எதை அழிப்பது என்று தொடர்ந்து வரும் வேலைகள் நிறைய. சி பிளஸ் பிளஸ் தெரிந்தவர்களுக்குப் பல மாத உழைப்பு. செய்யமுடியாத வேலையில்லை.

இந்தியக் கல்லூரி மாணவர்கள் ஹைக்குவுக்குப் புதியவர்கள் இல்லை. கூகுளின் சம்மர் ஆஃப் கோட் திட்டம் வழியாகப் பலர் அதற்கு எழுதியிருக்கிறார்கள், எக்ஸ்.எஃப்.எஸ். கோப்பு முறைமையைப் படிக்கும் பகுதியில் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. ஆனால் உலகமெங்கும் சிதறியிருக்கும் அந்தச் சின்னக் குழுவில், ‘பழவேற்காடு’ உடைந்து தெரிகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே. ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருக்கும் நிரலாளருக்கு அந்தச் சொல் சரியாக இருக்கிறதா, சிதைந்திருக்கிறதா என்று தெரிய வழியே இல்லை.

சென்னையிலும் காஞ்சியிலும் மதுரையிலும் கட்டற்ற மென்பொருளுக்காக உழைப்பவர்கள் இருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்திலேயே பொறியியல் கல்லூரிகள் நிறைய. இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர் யாராவது இதைப் படித்தால், கேட்டுக்கொள்வது இதுதான்: ஹைக்குவை ஒரு பென் டிரைவில் போட்டு, வீட்டில் கிடக்கும் அரசு மடிக்கணினியில் திறந்து, உங்கள் ஊர்ப் பெயரைத் திரையில் பாருங்கள். மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எழுத முடிந்தவர்கள் எழுதுங்கள். முடியாதவர்கள் எங்கே உடைகிறது என்று படம்பிடித்து அவர்களுக்கு அனுப்புங்கள். மற்றவர்கள், அந்த மடிக்கணினியை எடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.